இயேசு யார் என்ற கேள்வி கிறிஸ்தவத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

கிறிஸ்தவத்தைப் புதிதாக அறிந்துகொள்ள வருபவர்களில் பலர், அதன் மையம் இயேசுவின் போதனைகள்தான் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். பகைவரையும் நேசி, ஏழு எழுபது முறை மன்னி, உன் வலக்கை செய்யும் தர்மத்தை இடக்கை அறியாமல் செய். இவைதான் கிறிஸ்தவம் என்றால், இவற்றைச் சொன்னவர் யார் என்பது இரண்டாம்பட்சம்தானே? யார் வாயிலிருந்து வந்தாலும் நல்ல சொல் நல்ல சொல்தான் என்பது நமக்கெல்லாம் பழகிய பாடம்.

இந்த எண்ணத்தோடு நைசியா விசுவாச அறிக்கையைப் படிப்பவர் திகைத்துப்போவார். 325-ஆம் ஆண்டிலும் 381-ஆம் ஆண்டிலும் உருப்பெற்று, இன்றும் உலகெங்கும் வழிபாடுகளில் மக்கள் எழுந்து நின்று சொல்லும் அறிக்கை அது. அதில் மலைப்பிரசங்கத்தின் ஒரு வரிகூடக் கிடையாது. ஓர் உவமை கிடையாது. இன்னொரு பழைய அறிக்கையான அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமும் அப்படித்தான்: கன்னி மரியாளிடம் பிறந்தார் என்று சொல்லிவிட்டு, உடனே ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார் என்று தாவிவிடுகிறது. நடுவிலுள்ள வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு தாவலுக்குள் அடங்கிவிடுகிறது. போதனைகளை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. வழிபாடுகளில் நற்செய்தி நூல்கள் இடைவிடாமல் வாசிக்கப்படுகின்றன. ஆனால் நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்ல வேண்டிய இடத்தில் திருச்சபை எடுத்துக்கொண்ட கேள்வி "அவர் என்ன சொன்னார்?" அல்ல, "அவர் யார்?" என்பது.

இதற்குக் காரணம் அந்தப் போதனைகளுக்குள்ளேயே இருக்கிறது. மலைப்பிரசங்கம் இருக்கும் மத்தேயு நற்செய்தியின் 5 முதல் 7 வரையிலான அதிகாரங்களைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். "முன்னோருக்குச் சொல்லப்பட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்" என்று தொடங்கி, "நானோ உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று முடிக்கிறார் இயேசு. அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். முன்னோருக்குச் சொல்லப்பட்டது என்பது ஏதோ பழைய வழக்கம் அல்ல. சீனாய் மலையில் கடவுளே மோசேயின் வழியாகக் கொடுத்த சட்டம். இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் எவ்வளவு துணிச்சலாகப் பேசியபோதும் "கர்த்தர் சொல்லுகிறார்" என்ற முத்திரையோடுதான் பேசினார்கள். இயேசுவிடம் அந்த முத்திரை இல்லை. பிரசங்கத்தின் முடிவில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: நியாயத்தீர்ப்பு நாளில் பலர் தம்மிடம் வந்து "கர்த்தாவே, கர்த்தாவே" என்று மன்றாடுவார்கள் என்கிறார். தீர்ப்பளிக்கும் இடத்தில் தம்மையே வைத்துப் பேசுகிறார். பேசியவரை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு, பேச்சுக்குள்ளேயே பேசியவர் நிற்கிறார்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியில் இந்த விவாதம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும். கப்பர்நகூமில் ஒரு வீடு. உள்ளே நுழைய முடியாத கூட்டம். நடக்க முடியாத ஒருவரை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். வாசல் வழியே போக வழியில்லாமல் கூரையைப் பிரித்து அவரைப் படுக்கையோடு உள்ளே இறக்குகிறார்கள். எல்லோரும் குணமாக்குதலை எதிர்பார்த்துக் காத்திருக்க, இயேசு சொல்வது வேறொன்று: உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன.

அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர்கள், அதாவது யூதச் சட்டத்தைக் கற்றுத்தந்த அறிஞர்கள், மனத்துக்குள் கொதிக்கிறார்கள். இது தேவதூஷணம், கடவுள் ஒருவரைத் தவிரப் பாவத்தை மன்னிக்க யாரால் முடியும்? வேதபாரகர்களை மதிக்கக்கூடாது என்ற முன்முடிவோடு பலர் இந்தப் பகுதியை வாசிக்கிறார்கள். அது தவறு. அவர்கள் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. ஒருவர் பட்ட கடனை, கொடுத்தவர்தான் தள்ளுபடி செய்யலாம்; வழியே போகிற மூன்றாவது மனிதர் வந்து கடன் பத்திரத்தைக் கிழித்துப் போட்டால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. பாவம் என்பது கடைசியில் கடவுளுக்கு எதிரானது என்றால் அதை மன்னிக்கும் உரிமையும் கடவுளுடையது. யூதர்களுக்கு அதற்கென்று எருசலேமில் ஆலயமும் பலிகளும் ஆசாரியர்களும் இருந்தன. அவை எதையும் நாடாமல், கலிலேயாவின் ஒரு வீட்டுக்குள், தம் சொந்த வார்த்தையால் மன்னிப்பு வழங்குகிறார் இந்த மனிதர். ஒன்று இது கடவுளை இழிவுபடுத்தும் செயல். அல்லது வேதபாரகர்கள் நினைத்துப் பார்க்கவே அஞ்சிய ஏதோ ஒன்று அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

இயேசு அவர்களிடம் "நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள், கடவுள் மன்னிப்பார் என்றுதான் சொன்னேன்" என்று விளக்கம் தரவில்லை. மன்னிக்கும் அதிகாரம் தமக்கு உண்டு என்று அவர்கள் அறியும்படி அந்த மனிதரை எழுந்து நடக்கச் சொல்கிறார். அந்த மனிதர் எழுந்து நடக்கிறார்.

இப்போது அந்த மனிதரின் இடத்திலிருந்து பாருங்கள். வீடு திரும்பிய பிறகு, தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது உண்மைதானா என்ற கேள்வி அவருக்கு வந்திருந்தால், அதற்கான பதில் முழுக்க முழுக்கச் சொன்னவர் யார் என்பதையே சார்ந்திருக்கும். வேறு ஆதாரம் எதுவும் அவரிடம் கிடையாது. ஒவ்வொரு கிறிஸ்தவனும் கிறிஸ்தவளும் நிற்கும் இடமும் அதுவே. "என் பாவம் மன்னிக்கப்பட்டது" என்று ஒருவர் நிம்மதியாகத் தூங்கப் போவது இயேசு யார் என்ற கேள்விக்கான பதிலை நம்பித்தான்.

இந்தக் கேள்வி யாருக்கு முதலில் எழுந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற பழைய ஏற்பாட்டின் உபாகம நூல் வரியைக் காலையும் மாலையும் ஓதி வளர்ந்த யூதர்களுக்கு. ரோமர்கள் இறந்த பேரரசர்களுக்குத் தெய்வப் பட்டம் சூட்டித் தயக்கமின்றிக் கோயில் கட்டினார்கள். யூதர்களுக்கு அது அருவருப்பு. வேறு தெய்வத்தை வணங்குவதைவிட உயிரை விடுவது மேல் என்று இருந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட மக்களிடையே, சிலுவையில் அறையப்பட்டுச் செத்த ஒரு தச்சரைக் குறித்து "எல்லா முழங்காலும் இவர் பெயரில் முடங்கும்" என்று பாடும் கூட்டம் ஒன்று தோன்றியது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அந்த வரிகள் இருக்கின்றன. சிலுவை மரணத்துக்குப் பிறகு சுமார் முப்பது ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட கடிதம் அது. அதிலுள்ள அந்தப் பகுதி கடிதத்துக்கும் முந்தைய ஒரு வழிபாட்டுப் பாடல் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். முழங்கால் முடங்கும் என்ற அந்தச் சொற்கள் ஏசாயா 45-ஆம் அதிகாரத்தில் கடவுள் தம்மைக் குறித்து மட்டுமே சொன்னவை. யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயர் பிரிவைச் சேர்ந்த பவுலுக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

வெளியாள் ஒருவரின் சாட்சியும் உண்டு. சுமார் 112-ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ரோம ஆளுநராக இருந்த இளைய பிளினி, பேரரசர் டிராஜனுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதினார். அவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்பது அவர் விசாரித்துத் தெரிந்துகொண்ட செய்தி. 325-இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நிலை. இயேசுவை நான்காம் நூற்றாண்டில் ஒரு பேரரசர் கடவுளாக்கினார் என்று இணையத்தில் அடிக்கடி சொல்லப்படுவது வரலாற்றோடு பொருந்தவில்லை.

நற்செய்தி நூல்களில் இந்தக் கேள்வியை இயேசுவே நேராகக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. எர்மோன் மலையடிவாரத்தில், யோர்தான் நதியின் ஊற்றுகளில் ஒன்று பிறக்கும் இடத்தில் இருந்த பட்டணம் பிலிப்புச் செசரியா. கிரேக்கர்களின் பான் தெய்வத்துக்கு அங்கே வழிபாட்டிடம் இருந்தது. அந்தப் பகுதியில் பெரிய ஏரோது அகஸ்து பேரரசருக்கும் ஒரு கோயில் கட்டியிருந்தான். அந்த வட்டாரத்தில் நடந்துபோகும்போது இயேசு சீடர்களிடம் கேட்கிறார்: மக்கள் என்னை யார் என்று சொல்கிறார்கள்? யோவான் ஸ்நானகன் என்கிறார்கள், எலியா என்கிறார்கள், தீர்க்கதரிசிகளில் ஒருவர் என்கிறார்கள். எல்லாமே உயர்ந்த மதிப்பீடுகள். ஒருவர்கூட அவரை இழிவாகச் சொல்லவில்லை. இருந்தும் இயேசு அதோடு நிறுத்தவில்லை. "நீங்கள் என்னை யார் என்று சொல்கிறீர்கள்?" என்று அடுத்த கேள்வி வருகிறது. பேதுரு சொல்கிறார்: "நீர் கிறிஸ்து."

கிறிஸ்து (எபிரேயத்தில் மேசியா) என்பது ஒரு பட்டம். இஸ்ரவேல் எதிர்பார்த்திருந்த, கடவுளால் அபிஷேகம் செய்யப்பட்ட அரசரைக் குறிப்பது. பேதுரு சொன்னது சரியான பதில். ஆனால் அடுத்த சில வரிகளிலேயே, தாம் பாடுபட்டுக் கொல்லப்பட வேண்டும் என்று இயேசு சொல்லத் தொடங்கியதும், அதே பேதுரு அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய்க் கடிந்துகொள்கிறார். "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே" என்று மிகக் கடுமையான பதிலை வாங்கிக்கொள்கிறார். பட்டம் சரி, அதற்குள் பேதுரு வைத்திருந்த படம் தவறு. ரோமப் படையை விரட்டும் வெற்றி வீரர் அவர் மனத்தில் இருந்தார். சிலுவை அந்தப் படத்தில் பொருந்தவில்லை. இயேசு யார் என்ற கேள்விக்குச் சரியான சொல்லைச் சொல்வது போதாது, அவர் எதற்காக வந்தார் என்பதும் அந்தப் பதிலுக்குள் இருக்க வேண்டும் என்பதை இந்த இடம் காட்டுகிறது.

சிலுவைக்கு வருவோம். ரோமப் பேரரசில் சிலுவை மரணம் அரிய நிகழ்ச்சி அல்ல. ஸ்பார்டகஸின் அடிமைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட கி.மு. 71-இல் மட்டும் சுமார் 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து ரோம் வரையிலான சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அப்படியிருக்க, எருசலேமுக்கு வெளியே ஒரு வெள்ளிக்கிழமை நடந்த ஒரு மரணம் மட்டும் மனிதகுலத்தின் மீட்பு என்று எப்படிச் சொல்லலாம்? வலியின் அளவால் சொல்ல முடியாது. அதே வலியை மற்றவர்களும் அனுபவித்தார்கள். அநியாயம் நடந்தது என்பதால் சொல்ல முடியாது. அநியாயமாகச் செத்தவர்கள் எண்ணிலடங்காதவர்கள். அந்தச் சிலுவையில் இருந்தவர் யார் என்பது ஒன்றுதான் வேறுபாடு. அவர் நல்ல மனிதர் மட்டுமே என்றால் அது ஒரு நீதிமானின் துயரக் கதை. கடவுளே தம் மகனில் மனிதரின் சாவுக்குள் இறங்கி வந்தார் என்றால் அது வேறொன்று. உயிர்த்தெழுதலும் இதே இழையில்தான் வருகிறது: அதிகாரிகள் தேவதூஷணக்காரர் என்று தீர்ப்பளித்தவரைக் கடவுள் எழுப்பி, அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதினார் என்று முதல் சீடர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். நம்பிக்கை முழுவதையும் ஒரே இடத்தில் பணயம் வைக்கும் இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

நான்காம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி திருச்சபையையே உலுக்கியது. அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்ற குருவானவர், கடவுளின் ஒருமையைக் காக்க வேண்டும் என்ற உண்மையான அக்கறையோடு ஒரு விளக்கம் சொன்னார். மகன் மிக உயர்ந்தவர், மற்ற எல்லாம் அவர் வழியாகவே உண்டாயின. என்றாலும் அவரும் உண்டாக்கப்பட்டவரே, அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்றார். கேட்பதற்கு மரியாதையான, எளிதான விளக்கம். பலர் அதை ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

அதை எதிர்த்தவர்களில் முதன்மையானவராக நிலைத்தவர், பின்னாளில் அந்த நகரின் ஆயரான அத்தனாசியுஸ். அவர் வாதத்தை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். நாம் இயேசுவிடம் ஜெபிக்கிறோம், பிதா, மகன், பரிசுத்த ஆவி என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுக்கிறோம். அவர் படைக்கப்பட்டவர் என்றால் நாம் படைப்பை வணங்குகிறவர்கள் ஆகிவிடுவோம். அதைவிடவும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: படைப்பு ஒன்று மற்ற படைப்புகளைக் கடவுளோடு இணைத்துவிட முடியாது, தனக்கே அந்த இணைப்பைக் கடவுள்தான் தர வேண்டியிருக்கும்போது. மீட்பர் கடவுளாக இல்லையென்றால் மீட்பு இல்லை. 325-இல் நைசியாவில் கூடிய ஆயர்கள், மகன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர் என்று அறிக்கை செய்தார்கள்.

சங்கத்தைக் கூட்டியவர் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்பது உண்மை. ஆனால் அதன் பின் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 337-இல் மரணப்படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸின் ஆதரவாளரான நிக்கொமேதியாவின் எவுசேபியுஸ். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியுஸ் ஆண்ட காலத்தில் அரசாங்கத்தின் ஆதரவு நைசியாவின் எதிர்ப்பாளர்கள் பக்கமே இருந்தது. அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். ஆயராக இருந்த காலத்தில் சுமார் பதினேழு ஆண்டுகள் அவருக்குத் தம் நகரத்துக்கு வெளியே கழிந்தன. அரசரின் ஆணையால் மட்டும் நைசியாவின் நம்பிக்கை நிலைத்தது என்று சொல்ல அந்த வரலாறு இடம் தரவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் இந்தப் பதிலைக் குலைக்க முடியும். இயேசு கடவுள், ஆகவே அவர் உண்மையில் மனிதராக இல்லை, மனிதரைப்போல் தோன்றினார் என்று சொன்னவர்கள் தொடக்க காலத்திலிருந்தே இருந்தார்கள். பக்தியின் பெயரால் வரும் இந்தத் தவறு இன்றும் பல விசுவாசிகளிடம் தெரியாமலேயே இருக்கிறது. இயேசு களைத்துத் தூங்கினார், பசித்தார், கெத்செமனே தோட்டத்தில் கலங்கினார் என்று வாசிக்கும்போது ஏதோ நடித்துக்காட்டியதைப்போல அவற்றைக் கடந்துபோகிறோம். நசியான்சுஸின் கிரகோரி நான்காம் நூற்றாண்டில் இதற்குச் சொன்ன பதில் கூர்மையானது: அவர் ஏற்றுக்கொள்ளாத எதுவும் குணமாக்கப்படவில்லை. மனித உடலை ஏற்று மனித மனத்தை ஏற்காமல் விட்டிருந்தால், நம் மனம் குணமாகாமலே கிடக்கும். 451-இல் கல்செதோன் சங்கம் ஒரே கிறிஸ்து முழுமையான கடவுளும் முழுமையான மனிதரும் ஆவார் என்று வரையறுத்தது. எகிப்தின் கோப்து சபை, அர்மேனிய சபை, சிரிய ஆர்த்தடாக்ஸ் சபை போன்றவை அந்த வரையறையின் சொற்களை ஏற்காமல் பிரிந்தன. ஆனால் கிறிஸ்து முழுக் கடவுளும் முழு மனிதரும் என்பதை அவையும் உறுதியாக நம்புகின்றன.

இதெல்லாம் இறையியலாளர்களின் விவாதம், எளிய மனிதருக்கு இதில் என்ன என்று யாராவது கேட்டால், நான் காட்டும் இடம் யோவான் 14. கடைசி இரவு உணவில் பிலிப்பு கேட்கிறார்: ஆண்டவரே, பிதாவை எங்களுக்குக் காட்டும், அது போதும். மனிதர் கேட்கக்கூடியவற்றிலேயே மிக நேர்மையான வேண்டுதல் அது. இயேசுவின் பதில்: என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான். சற்று முன்தான் அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தச் சீடர்களின் கால்களைக் கழுவியிருந்தார். அதற்கும் முன்பு தம் நண்பர் லாசருவின் கல்லறையருகே அழுதிருந்தார். இயேசு ஒரு தூதர் மட்டுமே என்றால், கடவுள் ஓர் அன்பான மனிதரை அனுப்பினார் என்று நமக்குத் தெரியும். கடவுளே எப்படிப்பட்டவர் என்பது ஊகமாகவே நிற்கும். அந்த அன்பான முகத்துக்குப் பின்னால் வேறொரு முகம் இருக்கிறதோ என்ற அச்சம் போகாது. குழந்தையை இழந்த தாய் ஒருத்தி, கடவுள் என்னை வெறுக்கிறாரா என்று கேட்கும்போது அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில், அந்தக் கல்லறையருகே அழுதவர் யார் என்பதில் இருக்கிறது. அவர் கடவுளின் மகன் என்றால், பின்னால் வேறு முகம் இல்லை. இந்த ஒரு காரணம் போதும், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இந்தக் கேள்வியை நான் விடமாட்டேன்.

இந்தப் பதிலை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை நேர்மையாகத் தெரிந்துகொள்வதும் அவசியம். இஸ்லாம் இயேசுவை ஈசா நபி என்று உயர்வாக மதிக்கிறது, அவர் கன்னியிடம் பிறந்ததையும் மஸீஹ் (மேசியா) என்ற பட்டத்தையும் ஏற்கிறது. ஆனால் கடவுளின் மகன் என்பதையும் சிலுவை மரணத்தையும் மறுக்கிறது. யூத மரபு, மேசியாவின் காலத்தில் வரவேண்டிய உலக அமைதி இன்னும் வரவில்லை என்பதைச் சுட்டி, அவர் மேசியா அல்லர் என்கிறது. பைபிளை ஏற்றுக்கொண்டே நைசியாவின் பதிலை ஏற்காத யெகோவாவின் சாட்சிகளும் இருக்கிறார்கள். இவை சொல் வேறுபாடுகள் அல்ல. எல்லோரும் ஒன்றைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கிறோம் என்று மழுப்பினால், அது எந்தத் தரப்புக்கும் மரியாதை செய்வதாகாது.

இந்தக் கேள்வியோடு புதிதாக உட்காருகிறவர் மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்கலாம். 16 அதிகாரங்கள்தான், ஒரே மாலையில் வாசித்து முடிக்கலாம். முதல் வரியிலேயே இது தேவகுமாரனாகிய இயேசு கிறிஸ்துவின் நற்செய்தி என்று வாசகருக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. கதைக்குள் இருப்பவர்களுக்கு அது தெரியாது. சொந்தக்காரர்கள் அவர் மதிமயங்கியிருக்கிறார் என்கிறார்கள் (3-ஆம் அதிகாரம்). புயல் அடங்கிய படகில் சீடர்கள் "இவர் யாரோ?" என்று நடுங்குகிறார்கள் (4). சொந்த ஊரார் இவர் தச்சன் அல்லவா என்கிறார்கள், பெரிய ஏரோதின் மகனான இன்னொரு ஏரோது தான் கொன்ற யோவான் எழுந்து வந்துவிட்டார் என்கிறான் (6). பிரதான ஆசாரியர் நேருக்கு நேராகக் கேட்கிறார் (14). ரோம நூற்றுக்கு அதிபதி சிலுவையின் அடியில் நின்று ஒரு பதில் சொல்கிறான் (15). யார் கேட்கிறார்கள், யார் என்ன பதில் சொல்கிறார்கள் என்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். அதன்பின் பிலிப்பியர் 2, யோவான் 1 ஆகியவற்றை வாசித்துவிட்டு, கடைசியாக நைசியா அறிக்கையை எடுங்கள். அதன் ஒவ்வொரு சொற்றொடரும் எந்தக் கேள்விக்கான பதில் என்பது அப்போது உங்களுக்கே தெரியும்.